புகைக்கூண்டு துடைத்த பையன் பிரான்சைச் சுற்றினான்!

முதலியார்பேட்டையில் ஒரு காலத்தில் மில் சங்கு ஊதினால், கடலூர் சாலை முழுவதும் சைக்கிள்தான். பக்கத்துக் கிராமங்களில் இருந்து ரோடியர் மில்லுக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஐந்து மைல், ஆறு மைல் மிதித்து வருவார்கள். சங்கு ஊதியதும் அதே சைக்கிளில் திரும்பிப் போவார்கள்.

அந்தச் சைக்கிளை வடக்கே திருப்பி, திண்டிவனம் வழியாகச் சென்னை வரை ஓட்டினால்? ஏறத்தாழ 100 மைல்! ஒரே நாளில், இடையில் எங்கும் படுக்காமல், 100 மைல் ஓட்ட முடியுமா? நினைத்தாலே முழங்கால் வலிக்கிறது அல்லவா?

ரோடியர் மில் 1898-ம் ஆண்டு தொடங்கியது. 2020-ல் மூடப்பட்டது. மில் தொடங்கிய அந்த 1898-ல், அன்று புதுச்சேரியை ஆண்ட பிரான்சு நாட்டில் ஒரு மனிதரின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. அவருக்கு 100 மைல் என்பது பாதி வழி. சில நாள், கால் வழி!

அவர் பெயர் மொரீஸ் கரேன். எழுத்துக் கூட்டிப் படித்தால் காரின் என்று வரும். பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிப்பது கரேன்.

ஆள் குள்ளம். உயரம் ஐந்தடி நான்கு அங்குலத்துக்குள்தான். பெரிய மீசை. வாயில் எப்போதும் சிகரெட். பார்த்தால் பந்தயக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மலைநாட்டுப் பிள்ளை

கரேன் பிறந்தது பிரான்சில் அல்ல, இத்தாலியில். ஆல்ப்ஸ் மலைச் சரிவில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி, ஆர்வியே என்று ஒரு சிற்றூர். அங்கே 1871-ம் ஆண்டு மார்ச் 3-ந்தேதி பிறந்தார். வீட்டில் 9 குழந்தைகள். 5 ஆண், 4 பெண். தகப்பனார் கூலி வேலை செய்தவர். அத்தனை வாய்க்கும் சோறு போட அந்த மலைநாட்டில் வழி இல்லை.

1885-ல் குடும்பம் மலையைத் தாண்டிப் பிரான்சு பக்கம் பிழைக்கப் போனது. அப்போது கரேனுக்கு வயது 14. ஒரு பாலாடைக்கட்டி வட்டுக்கு ஈடாகப் பையனைப் பெற்றோர் ஒருவனிடம் வேலைக்கு விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ, பொய்யோ! அப்படி ஒரு கதை பிறக்கும் அளவுக்கு அந்த வீட்டில் வறுமை இருந்தது.

என்ன வேலை? புகைக்கூண்டு துடைக்கும் வேலை.

குளிர்நாட்டு வீடுகளில் அறைக்குள்ளேயே அடுப்பு எரியும். புகை போவதற்குச் சுவருக்குள் நீண்ட கூண்டு இருக்கும். அதில் கரி படிந்துவிட்டால் வீடே தீப்பிடிக்கும். பெரிய ஆள் அதற்குள் நுழைய முடியாது. ஆகவே சின்னப் பையன்களை உள்ளே ஏற்றுவார்கள். கையாலும் காலாலும் முட்டுக்கொடுத்து ஏறி, கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். கண், மூக்கு, வாய் எல்லாம் கரி! மலைநாட்டு ஏழைப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் பிழைப்பு.

கரேன் ராம்ஸ் நகரில் இந்த வேலை செய்தார். பிறகு பெல்ஜியம் நாட்டுக்குப் போனார். கடைசியில் பெல்ஜியம் எல்லைக்குப் பக்கத்தில் மொபேழ் என்ற பிரெஞ்சு ஊருக்கு வந்தார்.

அங்கேதான் அவர் கண்ணில் சைக்கிள் பட்டது.

405 பிராங்க் சைக்கிள்

1889-ல் கரேன் ஒரு சைக்கிள் வாங்கினார். விலை 405 பிராங்க். கரி துடைக்கிறவனுக்கு அது மலை போன்ற பணம். அன்றைய சைக்கிளில் கியர் கிடையாது. மிதிப்பதை நிறுத்தினாலும் மிதிகட்டை சுற்றிக்கொண்டே இருக்கும். சாலை எல்லாம் கல்லும் புழுதியும்.

ஊருக்குள் கரேன் பறந்த வேகத்தைப் பார்த்து ஜனங்கள் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். பைத்தியக்காரன் என்பதுதான் அது.

பந்தயத்தில் ஓடும் ஆசை எதுவும் அப்போது அவருக்கு இல்லை. ஓட்டினார், சந்தோஷப்பட்டார், அவ்வளவுதான். உள்ளூர்ச் சைக்கிள் சங்கத்தின் செயலாளர்தான் அவரை வற்புறுத்திப் பந்தயத்தில் இறக்கினார்.

1892-ம் ஆண்டு. மொபேழில் இருந்து இர்சோன் என்ற ஊருக்குப் போய், திரும்ப மொபேழுக்கே வரவேண்டும். தூரம் 200 கிலோ மீட்டர். அதாவது 124 மைல்! 21 வயது கரேனுக்கு அதுதான் முதல் பந்தயம்.

வென்றாரா? இல்லை. ஐந்தாவதாக வந்தார். ஆனால் முழுத் தூரத்தையும் ஓட்டி முடித்தார்.

அந்த ஓட்டம்தான் அவர் யார் என்று அவருக்கே காட்டிக்கொடுத்தது. 10 மைல் வேகமாக ஓட்ட வாலிபம் போதும். 100 மைல் என்பது வேறு. அறுபது, எழுபது மைல் தாண்டினால் உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து தீர்ந்துகொண்டே வரும். கை நடுங்கும். கண் இருட்டும். சேணத்தில் உட்கார முடியாது. அந்த நேரத்தில் காலை விட வயிறும் மனமும்தான் ஓட்ட வேண்டும். பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். தொடக்கத்தில் மற்றவர்கள் முந்தினால் விட்டுவிட வேண்டும். அவசரக்காரர்கள் விழுகிற இடத்தில் கரேன் நின்றார்.

இன்றும் பல நாடுகளில் நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு முதல் படியாக வைத்திருப்பது 200 கிலோ மீட்டர்தான். பதின்மூன்றரை மணி நேரத்தில் அதை முடித்தால்தான் அடுத்த படி.

கடன் வாங்கிய சைக்கிள்

மறு ஆண்டு கரேன் வேறு சைக்கிள் வாங்கினார். காற்றடைத்த டயர் போட்டது. விலை 850 பிராங்க்!

பெல்ஜியத்தில் ஒரு பந்தயம். ஓடிக்கொண்டிருக்கும்போது தினான் ஊருக்குப் பக்கத்தில் டயர் வெடித்தது. ஒட்டுப்போட நேரம் இல்லை. வழியில் வேறொரு பந்தயக்காரருக்காக அவருடைய உதவியாள் சைக்கிளோடு காத்திருந்தான். கரேன் தன் சைக்கிளைக் கீழே போட்டார். அவன் சைக்கிளைப் பிடுங்கினார். ஏறிப் பறந்தார்! பத்து நிமிட வித்தியாசத்தில் முதலாவதாக வந்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்று அப்படிச் செய்தால் பந்தயத்தை விட்டே தள்ளிவிடுவார்கள்.

இன்னொரு சம்பவம். மொபேழுக்குப் பக்கத்தில் அவேன் என்ற ஊரில் பந்தயம் என்று கேள்விப்பட்டு கரேன் போனார். தொழில்முறை ஓட்டக்காரர்களுக்கு மட்டும்தான் என்று அவரைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள்.

கரேன் பேசாமல் வீடு திரும்பினாரா? அதுதான் இல்லை! எல்லோரும் புறப்படும் வரை ஒதுங்கி நின்றார். அவர்கள் போனதும் பின்னாலேயே சைக்கிளை விட்டார். ஒவ்வொருவராகப் பிடித்தார். இரண்டு முறை கீழே விழுந்தார். எழுந்தார். கடைசியில் எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தார்!

கூடியிருந்த ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். பந்தயம் நடத்தியவர்களுக்கோ முகம் கறுத்தது. 150 பிராங்க் பரிசைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உடனே ஜனங்கள் தங்களுக்குள் வசூல் செய்தார்கள். சேர்ந்த பணம் 300 பிராங்க்! அதைக் கரேன் கையில் கொடுத்தார்கள்.

கேட்ட பரிசைப்போல இரண்டு மடங்கு! அன்றோடு கரேன் தொழில்முறை ஓட்டக்காரர் ஆனார்.

45 இறைச்சித் துண்டு!

தொழில்முறைக்கு வந்த புதிதில் அவர் வென்றது 24 மணி நேரப் பந்தயம். பாரிஸ் நகரில், பிப்ரவரி மாதத்துக் கடுங்குளிரில், திறந்த வெளியில் நடந்தது. இரவும் பகலும் ஓட வேண்டும். ஒவ்வொருவராக விறைத்துப்போய் விலகினார்கள். கடைசி வரை நின்றவர்கள் இரண்டே பேர். கரேன் ஓட்டிய தூரம் 701 கிலோ மீட்டர், அதாவது 435 மைல். இன்னொருவர் அவருக்கு 30 மைல் பின்னால்!

அந்த 24 மணி நேரத்தில் கரேன் உள்ளே தள்ளிய ஆகாரப் பட்டியல் பெரிய வேடிக்கை. சூடான சாக்லெட் பானம் 19 லிட்டர். தேநீர் 7 லிட்டர். அவித்த முட்டை 8. எலும்போடு பொரித்த இறைச்சித் துண்டு 45. மரவள்ளி மாவுக் கஞ்சி 5 லிட்டர். பால்சோறு 2 கிலோ. இவை போதாதென்று சிப்பி, காப்பியில் கலந்த ஷாம்பெயின், சிவப்பு ஒயின்! மற்றவர்கள் ஒயினையே நம்பி ஓடினார்கள். கரேன் சோற்றை நம்பினார்.

வடக்கே கல் பாவிய சாலைகளில் ஓடும் பாரிஸ்-ரூபே பந்தயம் 1896-ல் தொடங்கியது. தூரம் 280 கிலோ மீட்டர். முதல் ஆண்டு கரேனுக்கு மூன்றாவது இடம். மறு ஆண்டு 1897-ல் முதல் இடம். ஹாலந்துக்காரர் ஒருவரோடு கடைசி வரை மல்லுக்கட்டி, இரண்டு மீட்டரில் வென்றார். 1898-ல் மறுபடியும் முதல் இடம். இந்த முறை இரண்டாவது ஆள் வந்து சேர 28 நிமிடம் ஆயிற்று!

1901-ல் பாரிசில் இருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்த் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பும் பந்தயம். 1,200 கிலோ மீட்டர். வழியில் பல ஊர்களில் சாவடி உண்டு. ஒவ்வொரு சாவடியிலும் இறங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். குறுக்கு வழியில் போய்விடாமல் இருக்க இந்த ஏற்பாடு. கரேன் 52 மணி 11 நிமிடத்தில் முடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் முறைப்படி பிரெஞ்சுக் குடிமகனும் ஆனார்.

பத்திரிகைச் சண்டையில் பிறந்த பந்தயம்

அந்த நாளில் பாரிசில் இரண்டு விளையாட்டுப் பத்திரிகைகள் போட்டி போட்டன. லெ வெலோ என்பது பழைய பத்திரிகை. லொத்தோ என்பது புதியது. லொத்தோ 25 ஆயிரம் பிரதிதான் விற்றது. இப்படியே போனால் மூட வேண்டியதுதான் என்ற நிலை.

ஆசிரியர் ஹென்றி தெகிரான்ஜ் தம் ஆட்களைக் கூட்டி யோசனை கேட்டார். 26 வயது நிருபர் லெபெவர் ஒரு யோசனை சொன்னார். பிரான்சு நாட்டையே சைக்கிளில் சுற்றி வரும்படி ஒரு பந்தயம் வைத்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் தூர் தெ பிரான்ஸ். பிரான்சுச் சுற்று என்று பொருள். இன்று உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்க்கும் பந்தயம் அது.

முதலில் யாரும் பெயர் கொடுக்கவில்லை. தூரத்தைக் கேட்டே பயந்தார்கள். நுழைவுக் கட்டணத்தை 10 பிராங்காகக் குறைத்தார்கள். ஓடுகிறவர்களுக்குப் படிப்பணம் நாளுக்கு 5 பிராங்க் என்றார்கள். பிறகுதான் ஆள் சேர்ந்தது.

1903 ஜூலை 1-ந்தேதி. பாரிசுக்கு வெளியே ஒரு காப்பிக்கடை வாசலில் இருந்து 60 பேர் புறப்பட்டார்கள். முதல் நாள் ஓட்டம் லியோன் நகருக்கு. 467 கிலோ மீட்டர்! சென்னையில் இருந்து மதுரைக்குப் போகிற தூரம். மாலை 3 மணிக்குப் புறப்பட்டு, இரவு முழுவதும் இருட்டில் ஓட்டி, காலை 9 மணி அளவில் கரேன் முதலாவதாக லியோன் போய்ச் சேர்ந்தார். பிடித்த நேரம் 17 மணி 45 நிமிடம்.

மொத்தம் ஆறு கட்டம். லியோன், மார்செய், துலூஸ், போர்தோ, நாந்த், கடைசியில் பாரிஸ். டயர் வெடித்தால் தானே ஒட்ட வேண்டும். ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நாள் ஓய்வு. முதலில் இருப்பவருக்கு அடையாளம் கையில் கட்டிய பச்சைத் துணி. இன்று பேர்போன மஞ்சள் சட்டை 1919-ல்தான் வந்தது.

19-ம் நாள் ஓட்டம் பாரிசில் முடிந்தபோது, 60 பேரில் மிஞ்சியவர்கள் 21 பேர். ஓடிய தூரம் 2,428 கிலோ மீட்டர். 1,500 மைலுக்கு மேல்! சென்னையில் இருந்து டில்லிக்குப் போனால்கூட இத்தனை தூரம் வராது. கரேன் சைக்கிள் மேல் இருந்த நேரம் 94 மணி 33 நிமிடம். இரண்டாவது வந்த போத்தியே ஏறத்தாழ 3 மணி நேரம் பின்னால். கடைசியில் வந்தவர் 64 மணி நேரம் பின்னால்! அந்தக் கடைசி ஆளையும் மெச்சத்தான் வேண்டும்.

புகைக்கூண்டு துடைத்த பையனுக்குக் கிடைத்த பரிசுப் பணம் 6 ஆயிரம் பிராங்குக்கு மேல். லொத்தோ பத்திரிகையின் விற்பனை 65 ஆயிரம் ஆயிற்று. எதிர்ப் பத்திரிகை கொஞ்ச நாளில் மூடப்பட்டது.

கல்லெறியும் கறையும்

இத்தோடு கதை முடிந்திருந்தால் கரேன் பெயரில் ஒரு கறையும் இராது. ஆனால் அடுத்த ஆண்டு வந்தது.

1904-ல் இரண்டாவது சுற்று. இப்போது ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு ஊராரும் தங்கள் ஊர் ஆள்தான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். முதல் இரவே முகமூடி போட்ட சிலர் காரில் வந்து கரேனையும் போத்தியேயையும் இடித்துத் தள்ளப் பார்த்தார்கள். செந்த் எத்தியேன் ஊரைத் தாண்டிய மலையில் ஒரு கூட்டம் தடியோடு காத்திருந்தது. தங்கள் ஊர்க்காரனை முன்னே போகவிட்டு மற்றவர்களை மறித்து அடித்தது. கரேனுக்கும் அடி விழுந்தது. பந்தய அதிகாரிகள் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்ட பிறகே கூட்டம் கலைந்தது. அதோடு சாலையில் ஆணி தூவினார்கள்!

இத்தனையும் தாண்டிக் கரேன்தான் முதலிடம் பிடித்தார்.

ஆனால் ஓடியவர்கள் மீதும் புகார் குவிந்தது. இருட்டில் காரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ரயிலில் ஏறிப் போனார்கள் என்று பலரைப் பற்றியும் பேச்சு. பிரான்சு நாட்டுச் சைக்கிள் சம்மேளனம் பல மாதம் விசாரித்தது. ஆண்டு இறுதியில் தீர்ப்பு வந்தது. கரேன், போத்தியே, கரேனின் தம்பி செசார், ஒக்கூத்தூரியே என்று முதல் நான்கு பேரையும் நீக்கிவிட்டார்கள்! ஐந்தாவதாக வந்த கோர்னே என்ற 19 வயதுப் பையனுக்குப் பட்டம் போனது. கரேன் இரண்டு ஆண்டு பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை.

கரேன் செய்த தவறு என்ன? விதிக்கு மாறாக வழியில் உணவு வாங்கினார் என்பது ஒன்று. அதைக் கொடுத்தது பந்தயம் நடத்திய லெபெவரே! மற்றக் குற்றங்கள் பற்றிய விசாரணைத் தாள்கள் 1940-ல், ஜெர்மன் படை வந்த சமயம், இடம் மாற்றும்போது தொலைந்து போயின. ஆகவே ரயில் விஷயத்துக்கு இன்று எழுத்துச் சாட்சி இல்லை. 100 மைலுக்கு அஞ்சாத மனிதருக்கு ரயில் தேவைப்பட்டிருக்குமா? தேவைப்படாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. வென்றே தீர வேண்டும் என்ற வெறி அந்த ஆண்டு எல்லோரையும் பிடித்து ஆட்டியது.

லான்ஸ் ஊர்க் கிழவர்

கரேன் ஊருக்குத் திரும்பினார். லான்ஸ் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர் அது. 1911-ல் ஒரே ஒரு முறை பெரிய பந்தயத்துக்கு வந்தார். அதே பாரிஸ்-பிரெஸ்த் ஓட்டம். அப்போது அவருக்கு வயது 40. பத்தாவதாக வந்து சேர்ந்தார். 1,200 கிலோ மீட்டர் ஓட்டி முடித்தார்!

பிறகு லான்சில் ஒரு கடை வைத்துச் சைக்கிள் விற்றார். பெட்ரோலும் விற்றார். முதல் உலகப்போரில் அந்த ஊரே தரைமட்டம் ஆனது. மறுபடி கட்டினார்கள். கரேனும் அங்கேயே இருந்தார். அவர் பெயரில் சைக்கிள் வந்தது. அந்தச் சைக்கிளில் ஓட ஓர் அணியும் இருந்தது. ஊர்ப் பந்தய மைதானத்துக்கும் அவர் பெயர்.

1953-ல் பிரான்சுச் சுற்று தொடங்கி 50 ஆண்டு ஆனதைப் பெரிய விழாவாகக் கொண்டாடினார்கள். பழைய வீரர்களை அழைத்தார்கள். அவர்களில் முதல் ஆண்டு வென்ற கரேனும் ஒருவர். வயது 82.

கடைசிக் காலத்தில் அவருக்கு நினைவு தடுமாறியது. வீட்டை விட்டு வெளியே போய்விடுவார். லான்ஸ் தெருக்களில் அலைந்து, எதிரில் வருகிறவர்களிடம் எல்லாம் சாவடி எங்கே என்று கேட்பாராம். கையெழுத்துப் போட வேண்டுமாம்! ஊர்க்காரர்கள் அவர் யார் என்று தெரிந்தவர்கள். கையைப் பிடித்துப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போவார்கள். போலீசார் அவரை வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.

1957 பிப்ரவரி 19-ந்தேதி கரேன் காலமானார். வயது 85. லான்ஸ் ஊர் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.